தவக்கால உபவாசமும் சர்க்கரை நோய் மாத்திரையும்

சில ஆண்டுகளுக்கு முன், பெரிய வெள்ளியன்று பிற்பகலில், எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவரை ஆலயத்திலிருந்து நேரே எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். மும்மணி ஆராதனையின் நடுவே அவருக்குப் பேச்சு குழறியது. உடல் வியர்த்து நனைந்தது. பக்கவாதம் என்று பிள்ளைகள் அஞ்சினர். இரத்தச் சர்க்கரை 41 மில்லிகிராம் மட்டுமே இருந்தது. குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் தெளிந்தார். காலை உணவைத் தவிர்த்த அவர், மாத்திரையைத் தவிர்க்கவில்லை.

இதில் எங்கள் பிழையும் உண்டு. லெந்து காலம் தொடங்குமுன் அவர் எங்களிடம் கேட்டிருந்தார். "சர்க்கரை உள்ளவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அவரும் தலையசைத்தார், பிறகு எவரிடமும் சொல்லாமல் உபவாசம் இருந்தார்.

தலையசைப்பை உடன்பாடு என்று எண்ணியது தவறு. சமையலறை மருமகள் கைக்கு மாறி, கணவரும் மறைந்து, "நீங்கள் சும்மா உட்காருங்கள் அம்மா" என்று வீடே அன்போடு சொல்லும் வயதில், பிறருக்காகச் செய்யும் ஜெபமே பல தாய்மார்களுக்கு எஞ்சியிருக்கும் பணி. உபவாசம் அப்பணியைச் சேர்ந்தது. லூக்கா நற்செய்தியில் முதிய விதவை அன்னாள் ஆலயத்தில் உபவாசத்தோடும் ஜெபத்தோடும் இருக்கிறார். பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபமோ, அறுபது வயதுக்குக் குறைந்த விதவைகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்கிறது. நாம் ஓய்வு தரும் வயதில் அங்கே பொறுப்பு தொடங்குகிறது! இதை அறியாமல் தந்த அறிவுரை செவியில் ஏறாததில் வியப்பில்லை.

இனி மருந்தைப் பார்ப்போம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைவதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கக்கூடும். ஆகவே ஒருமுறை தெளிந்த நோயாளிக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை மீண்டும் இறங்கலாம். இன்சுலின் ஊசியிலும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இது அரிது. இரத்த அழுத்தத்துக்காக மெட்டோபுரொலால் போன்ற மாத்திரை உட்கொள்வோரிடம் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமல் போகலாம். வியர்வை மட்டுமே எச்சரிக்கும்.

அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தீங்கு. சிலருக்கு அளவைக் குறைக்கிறோம், சிலருக்கு வேளையை மாற்றுகிறோம். இன்சுலினை மட்டுமே நம்பியிருப்பவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள் ஆகியோரிடம் உணவைத் தவிர்க்க வேண்டாம் என்றே இன்றும் சொல்கிறோம்; ஆனால் உட்கார்ந்து, காரணத்தோடு சொல்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே 59 வயது நிறைந்தவர்களை நோன்புக் கடமையிலிருந்து விடுவித்துள்ளது என்பதைப் பலர் எங்கள் வாயிலாகவே முதன்முறை கேட்கின்றனர். புலால் தவிர்த்தல், எளிய கஞ்சி, மிச்சமாகும் பணத்தை ஏழைகளுக்கு அளித்தல் ஆகியவற்றுக்கு எந்த மாத்திரையும் தடையில்லை.

உபவாச நாளில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், ஆராதனை முடியட்டும் என்று காத்திராமல், மூன்று சிறு கரண்டி குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருக வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தத் தாயார் இப்போது சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மாத்திரை அட்டைகளோடு வந்துவிடுகிறார். காலையில் கஞ்சி அருந்துகிறார். அவருடைய ஜெபக் குறிப்பேட்டில் எங்கள் பிரிவின் செவிலியர் இருவரின் பெயர்களும் இருக்கின்றன.