காணாமல் போன வெள்ளைத் துணுக்குகள்

கேள்வி: எங்கள் ஆய்வு நிறுவனத்தின் ஃபேஸ்புக், எக்ஸ் பக்கங்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கருத்தரங்கப் படங்களும் விருது அறிவிப்புகளும் போடுகிறோம். எங்கள் ஊழியர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: பொன்னாடை போர்த்தும் படங்களை முதலில் குறையுங்கள். அதில் வெளியாளுக்கு என்ன இருக்கிறது? ஒரு உண்மையை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பதைக் காட்டினால் மக்கள் வருவார்கள்.

ஓர் உதாரணம்: 2008 மே மாதம் நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கியது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் ஊடகப் பிரிவைச் சேர்ந்த வெரோனிகா மெக்ரெகர் அதற்காக ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) கணக்கு தொடங்கினார். அன்று ஒரு பதிவு 140 எழுத்துக்குள் அடங்க வேண்டுமே என்று, விண்கலமே ‘நான்’ என்று பேசுவதாக எழுதினார். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. கேள்விகள் குவிந்தன, பதில்களும் போயின. ஜூனில் விண்கலத்தின் கை தோண்டிய பள்ளத்தில் பகடைக்காய் அளவில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. உப்பா, பனிக்கட்டியா? நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் சில துணுக்குகளைக் காணோம். உப்பு அப்படி மறையாது, பனிக்கட்டிதான் ஆவியாகியிருக்கிறது. அந்தக் கணக்கிலேயே செய்தி குதூகலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அறிவியல் பாடம் சமூக ஊடகத்தில் குறைவு.

அதே நாசா 2010-ல் சறுக்கியது. வேற்றுலக உயிர்களைத் தேடும் பணியையே பாதிக்கும் கண்டுபிடிப்பு என்று முன்கூட்டியே அறிவிக்க, இணையமெங்கும் வதந்தி பறந்தது. வந்ததோ, கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கை டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்கிறது என்ற ஆய்வு. ரோஸி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் தன் வலைப்பதிவிலேயே அதன் ஓட்டைகளைப் பட்டியலிட்டார். வலைப்பதிவில் விவாதிக்க முடியாது என்றது நாசா தரப்பு. 2012-ல் பிறர் செய்த சோதனைகள் அந்த முடிவை மறுத்தன; 2025-ல் ‘சயன்ஸ்’ இதழ் கட்டுரையையே திரும்பப் பெற்றது. கேள்வி எழுந்த இடத்திலேயே பதில் சொல்லாத நிறுவனத்தை யார் நம்புவார்கள்?

ஆகவே, நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் படத்தைப் போடுங்கள். உறுதியாகாததை ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்றே எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். வரும் கேள்விக்கு அந்த ஆய்வாளரையே பதில் சொல்ல வையுங்கள். இயக்குநரிடம் இதற்கு இப்போதே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று கையெழுத்து வேண்டுமென்றால், அது வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார்.