மலைக்கு ஒரு சர்ஜன்: யாரைச் சேர்ப்பது?

அடுக்கம் மலைக்கிராமத்தில் நள்ளிரவில் ஒருவருக்குக் குடலிறக்கம் நெரிபட்டு வாந்தி தொடங்கினால் வழி இரண்டுதான். கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் பெருமாள்மலைக்கு ஏறிக் கொடைக்கானல் போக வேண்டும். மழையில் மண் சரிந்தால் இந்த வழிகளும் அடைபடும். இரண்டு மூன்று சர்ஜன்கள் சேர்ந்து இந்தப் பக்கம் நடத்தும் மருத்துவமனைக்குப் புதியவரைத் தேடும்போது நகரத்து அளவுகோல் உதவாது.

முதலில் ரெஃபரல் நோட்டைப் புரட்டுங்கள். போன வருடம் வெளியே அனுப்பிய கேஸ்கள் ஏன் போயின என்று பாருங்கள். அதை வைத்தே யார் தேவை என்று முடிவு செய்யலாம்.

புதிதாக எம்.எஸ். முடித்தவர்: இரவு டியூட்டிக்குத் தயங்கமாட்டார், லேப்ராஸ்கோப்பி பழகியிருப்பார். வயிற்றைத் திறந்து தனியாகச் செய்த அனுபவம் குறைவாக இருக்கலாம். எம்.சிஎச். படிக்கப் போகும் எண்ணமிருந்தால் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவார். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்: கைத்திறனைவிட, யாருக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லும் பக்குவம்தான் இவரது பலம். வாரம் முழுக்க இரவு அழைப்புக்கு இவரை நம்ப முடியாது.

விசிட்டிங் சர்ஜன்: பித்தப்பை, சிறுநீரகக் கல் போன்று நாள் குறித்துச் செய்பவற்றுக்கு நல்லவர். ஆனால் அவர் மதுரை திரும்பிய மூன்றாம் நாள் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பது நீங்கள்தான்.

மயக்க மருந்து மருத்துவர்: தேடுவது சர்ஜனை, இல்லாதது பெரும்பாலும் இவர். தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். ரெஜி மயக்க மருந்து மருத்துவர், லலிதா மகப்பேறு மருத்துவர். சிசேரியனுக்கு வேண்டிய இரண்டு பேரும் ஊரிலேயே இருந்தார்கள்.

நேர்காணலில் சான்றிதழைவிட ஒரு கேள்வி அதிகம் சொல்லும். "காட்டுமாடு முட்டி ஒருவர் வயிறு கிழிந்து வந்திருக்கிறார். பி.பி. இறங்குகிறது. கையில் இரண்டு யூனிட் ரத்தம், பாதை அடைபட்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?" ரத்தக்கசிவை நிறுத்தி, கிழிந்த குடலின் முனைகளைக் கட்டி, துணி வைத்து அடைத்து, உடலைச் சூடாக வைத்து, மிச்சத்தை அடுத்த நாளுக்கு விடுவேன் என்பவர் மலைக்கு ஏற்றவர். எல்லாவற்றையும் அப்போதே தைத்து முடிப்பேன் என்பவரிடம் மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள். பிறகு, யாராக இருந்தாலும் அவரோடு முன்பு வேலை பார்த்த தியேட்டர் சிஸ்டரிடமும் விசாரியுங்கள்.

பணம் கொடுப்பதில் மூன்று முறைகள் உண்டு: மாதச் சம்பளம், கேஸுக்கு இத்தனை சதவீதம், பங்கு. சதவீதம் மட்டும் கொடுத்தால் தேவையில்லாத அறுவைக்கு அதுவே தூண்டுதல். முதல் வருடம் சம்பளம், பிறகு பங்கு என்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இரவு முறை, விடுப்பு, ஒருவரின் நோயாளியை மற்றவர் பார்ப்பது, பிரியும்போது கணக்கு முடிப்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவையும் சரிபாருங்கள்.

எங்கள் சிபாரிசு: நிரந்தர மயக்க மருந்து மருத்துவர் இல்லாத குழு முதலில் அவரைச் சேர்க்கட்டும். அவர் இருந்தால் இளையவரையும் ஓய்வு பெற்றவரையும் ஜோடியாக எடுங்கள். ஒருவர் இரவுக்கு, மற்றவர் ஆலோசனைக்கு. விசிட்டிங் சர்ஜன் கடைசியில் வந்தால் போதும்.