சூழல்வழி ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி

பட்டப்படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார். பள்ளியிலும் கல்லூரியிலும் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றவர், தேர்வுகளில் தேறியவர். ஆயினும், தம் ஊரைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு ஆங்கிலத்தில் கேட்டவுடன் அவருக்கு நா எழவில்லை. ஊரைப் பற்றி அவர் அறியாதது ஒன்றுமில்லை. அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய தேவை வகுப்பறையில் அவருக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோரே இக்குறையால் மிகுதியும் இழப்புக்கு உள்ளாகின்றனர். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத அவர்களுக்குப் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே வாய்ப்பாகும்.

பெங்களூர்த் திட்டம்

1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என். எஸ். பிரபு ஒரு புதிய முறையைச் சோதித்தார். இலக்கணக் கூறுகளை வரிசையாகக் கற்பிப்பதற்குப் பதிலாக, ரயில் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு விடை காணவேண்டிய பணிகள் மாணவர்க்கு அளிக்கப்பட்டன. கவனம் பொருளின்மீது செல்லும்போது மொழியமைப்பு தானே மனத்தில் படிகிறது என்பதே இம்முறையின் அடிப்படை. அத்திட்டம் பள்ளிச் சிறுவர்க்கானது. பேசுமாறு அவர்களை வற்புறுத்தவில்லை. எனினும், இக்கருத்தைக் கல்லூரி மாணவரின் உரையாடலுக்கும் விரித்துக்கொள்ளலாம்.

ஒரு சூழல்

கல்விக்கடன் கேட்டு வங்கிக்குச் செல்வதை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் இருவர் இருவராக அமர்கின்றனர். ஒருவருடைய அட்டையில் படிப்பு, கட்டணம், குடும்ப வருமானம் ஆகிய விவரங்கள் உள்ளன. அலுவலராக இருப்பவரின் அட்டையில் வங்கி கேட்கும் சான்றுகளின் பட்டியல் உள்ளது. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக்கூடாது. ஆகவே கேட்டால்தான் தெரியும். சொன்னால்தான் காரியம் முடியும். ஒரு சான்று குறைவாக இருக்குமாறு அமைத்துவிட்டால், விளக்கம் தரவும், காலக்கெடு கோரவும் நேரும். புரியாதபோது மீண்டும் சொல்லுமாறு பணிவுடன் கேட்கும் பழக்கமும் இதனால் அமைகிறது. அச்சிட்ட உரையாடலை மனப்பாடமாக ஒப்பிப்பதில் இப்பயன் இல்லை. அடுத்து வரும் விடை முன்னரே தெரிந்துவிடுகிறது.

வகுப்பை நடத்தும் முறை

அறுபது பேர் உள்ள வகுப்பில் ஐம்பது நிமிடப் பாடவேளையை ஒருவர்பின் ஒருவராகப் பேசப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முப்பது இணைகளும் ஒரே வேளையில் பத்து நிமிடம் பேசினால், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் கிடைக்கும். ஓசை எழும், அதை ஒழுங்கின்மை எனக் கருதலாகாது.

முதலில் தேவையான சில சொற்களை ஆசிரியர் தருதல் வேண்டும். ஆயத்தம் செய்யும்போது தாய்மொழியில் கலந்து பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை. உரையாடலின் நடுவே பிழை திருத்தினால் பேச்சு நின்றுவிடும். ஆசிரியர் பிழைகளைக் குறித்துக்கொண்டு, இறுதியில் பெயர் சுட்டாமல் பொதுவாக விளக்குவது நலம். பின்னர் மாணவர்கள் பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மறுமுறை பேசவேண்டும். திருத்தம் பயன்படுவது அப்போதுதான்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வுக்கு மட்டுமே மதிப்பெண் இருக்குமாயின், இப்பயிற்சி விரைவில் கைவிடப்படும். எனவே பாடத்திட்டம் வகுப்போர் வாய்மொழித் தேர்வுக்கும் உரிய பங்கு அளித்தல் இன்றியமையாதது. அத்தேர்வில் உச்சரிப்பின் நயத்தைவிட, எடுத்த காரியத்தை மாணவர் பேசி முடித்தாரா என்பதே முதன்மையான அளவுகோலாக இருத்தல் வேண்டும். வங்கியிலும் அலுவலகத்திலும் அவருக்குத் தேவைப்படுவது அத்திறனே.