பெருங்குடலில் லிம்போமா: கேமராவில் எப்படித் தெரியும்?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 62 வயது. சில மாதங்களாக வலது அடிவயிற்றில் வலி. பசியே இல்லை, ஆளே பாதியாக இளைத்துவிட்டார். கொலனோஸ்கோபி செய்தார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்ணோடு ஒரு பெரிய கட்டி இருக்கிறது, அது லிம்போமாவாகவோ டிபியாகவோ சாதாரணக் குடல் புற்றாகவோ இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. அப்போது எடுத்த சதைப் பரிசோதனையில் 'அழற்சி மட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் கொலனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். அப்பா மறுக்கிறார். டிபி மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேமராவில் நேராகப் பார்த்தும் என்ன நோய் என்று ஏன் சொல்ல முடியவில்லை?
வாசகி, கும்பகோணம்

பதில்: எப்படியாவது பேசி, அப்பாவை மறு பரிசோதனைக்குச் சம்மதிக்க வையுங்கள் அம்மா. 'அழற்சி மட்டும்' என்று வந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, சதையில் ஒன்றும் இல்லை என்றால், எடுத்த சதை போதவில்லை என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

லிம்போமாவும் புற்றுநோய்தான். ஆனால் சாதாரணக் குடல் புற்று, குடலின் உள்தோலில் பிறந்து குடலின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு வளர்வது. லிம்போமா, நோய் எதிர்ப்புக்காகக் குடல் சுவருக்குள் குடியிருக்கும் நிணநீர் அணுக்களில் தொடங்குவது. ஜமக்காளத்துக்கு அடியில் கல் இருந்தால் மேலே மேடு தெரியும், கல் தெரியாது. அதுபோலத்தான் பல சமயம் கேமராவில் மேடும் தடிப்பும் தெரியும், அதன் மேல் உள்தோல் முழுசாகவே இருக்கும். பயாப்ஸி இடுக்கி ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டர் சதையைத்தான் கிள்ளும். அது உள்தோலோடு நின்றுவிட்டால், அடியில் இருப்பது அகப்படாது.

பெருங்குடல் புற்றுகளில் லிம்போமா நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வந்தால் அதிகம் வருவது, சிறுகுடல் வந்து சேரும் இடமான சீக்கத்தில்தான். நிணநீர்த் திசு அங்கே நிறைய இருப்பதே காரணம். உங்கள் அப்பாவுக்குக் கட்டி இருப்பதும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: அப்படியானால் கேமராவில் பார்க்கும்போது எந்த அடையாளமும் இருக்காதா?

பதில்: இருக்கும். ஆனால் ஒரே மாதிரி இருக்காது. அதிகம் காண்பது பெரிய கட்டி, சில சமயம் அதன் நடுவில் ஆழமான புண். இரண்டாவது, கட்டியே இல்லாமல் குடலின் மடிப்புகள் நீண்ட தூரத்துக்குத் தடித்திருப்பது. வழக்கமாகத் தெரியும் மெல்லிய ரத்த நாளக் கோடுகள் அங்கே மறைந்துவிடும். மூன்றாவது, சில மில்லிமீட்டர் முதல் 2 சென்டிமீட்டர் வரையிலான பாலிப்புகள் குடல் நெடுக நிறைந்திருப்பது. லிம்போமாவில் மேண்டில் செல் என்ற வகை பெரும்பாலும் இப்படித்தான் காட்சி தரும். அந்த வகையில், பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில் எடுத்த சதையில்கூட நோய் இருப்பதுண்டு. டி-செல் என்ற வகையோ புண் புண்ணாக வரும், குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் அதில் அதிகம்.

சாதாரணக் குடல் புற்று கெட்டியாக இருக்கும், குடலைச் சுற்றி இறுக்கும். லிம்போமா கட்டி பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் மிருதுவாக இருக்கும். காற்றைச் செலுத்தினால் சுவர் விரிந்து கொடுக்கும். அதனால்தான் கட்டியின் அளவுக்கு அடைப்பு வராமல், நோய் தாமதமாகத் தெரியவருகிறது. கட்டி சீக்கத்தோடு நிற்காமல், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வைத் தாண்டிச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் போயிருந்தால் லிம்போமா சந்தேகம் கூடும்.

ஆனால் அதே சீக்கத்தில்தான் குடல் டிபியும் வந்து உட்காரும், க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயும் வரும். டிபி புண்கள் குடலைச் சுற்றிக் குறுக்காக ஓடும், வால்வு சிதைந்து வாய் பிளந்து நிற்கும் என்று நாங்கள் படிக்கிறோம். நடைமுறையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரிவதுண்டு. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பார்வையை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது.

கேள்வி: டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பதில்: காலம்தான் நஷ்டம். நோய் லிம்போமாவாக இருந்தால், 'மாத்திரை கேட்கிறதா பார்ப்போம்' என்று காத்திருக்கும் மாதங்களில் அது பரவும். க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். லிம்போமா அதில் தற்காலிகமாகச் சுருங்கும், வலி குறையும், பிறகு எடுக்கும் சதையில் நோய் தெரியாமல் போகக்கூடும். குடல் ஓட்டை, கடும் ரத்தக்கசிவு போன்ற அவசரம் இல்லாதவரை சதை முதலில், மருந்து பிறகு.

மறு பரிசோதனையின்போது மருத்துவரிடம் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். ஒரே இடத்தில் கிள்ளிய குழிக்குள்ளேயே மறுபடி கிள்ளி ஆழத்திலிருந்து சதை எடுப்பார்களா? புண்ணின் விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும் பல துண்டுகள் எடுப்பார்களா? லிம்போமா சந்தேகம் என்பதைப் பரிசோதனைச் சீட்டில் எழுதுவார்களா? சீட்டில் எழுதினால்தான் நோயியல் மருத்துவர் சிடி20, சிடி3 போன்ற சாயப் பரிசோதனைகளைச் செய்து வகையைப் பிரித்துச் சொல்வார். டிபிக்கான ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்குத் தனித் துண்டு வேண்டும். அதை ஃபார்மலினில் போடாமல் அனுப்ப வேண்டும்.

முன்பு எடுத்த சதையின் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். அதை ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இரண்டாவது கருத்துக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: பேசாமல் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாமா?

பதில்: இங்கேதான் நோயின் பெயர் தெரிவது முக்கியமாகிறது. சாதாரணக் குடல் புற்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் முதல் சிகிச்சை. லிம்போமாவுக்கு முதன்மைச் சிகிச்சை மருந்து. அடைப்பு, ஓட்டை, நிற்காத ரத்தப்போக்கு என்றால்தான் கத்தி தேவைப்படும். பெருங்குடலில் அதிகம் வரும் பெரிய பி-செல் வகைக்கு 'ஆர்-சாப்' என்ற மருந்துக் கூட்டு 21 நாட்களுக்கு ஒரு முறை, வழக்கமாக 6 சுற்று வரை தரப்படுகிறது. முற்றிலும் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. அந்தக் கூட்டில் உள்ள ரிட்டுக்ஸிமாப், உடம்பில் உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை எழுப்பிவிடக்கூடும். அதனால் முதல் ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனையும், நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட்-சிடி ஸ்கேனும் முடிந்திருக்கிறதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.