கண்ணாகும் சொல்

பாரதப் போர் நிகழ்ந்த காலத்தே, கண்ணிலானாகிய திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் போர்க்களச் செய்திகளை எடுத்துரைத்தான் என்பது யாவரும் அறிந்த கதை. மன்னனின் மைந்தர் மடிந்த செய்தியையும் அவன் மறைத்திலன். கேட்போன் மனம் நோகுமே என்றெண்ணிப் பகைவரின் வெற்றியைக் குறைத்துக் கூறியதும் இல்லை. ஒருவர் காணாததை அவர் காணுமாறு சொல்லாற் காட்டுதல் அரியதொரு கலை. அக்கலையையே தொழிலாகக் கொண்டோர் இக்காலத்தும் உளர். விளையாட்டுக் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, அங்கு நிகழ்வனவற்றை நொடிக்கு நொடி எடுத்துரைக்கும் நேர்முக வருணனையாளரே அவர். அவர்தம் தொழிலின் இயல்பையும், அதில் உள்ள இடர்களையும், அத்தொழில் நமக்கு உணர்த்தும் அறத்தையும் இப்பாடத்திற் காண்போம்.

வானொலி தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இத்தொழிலும் தோன்றிவிட்டது. அமெரிக்க நாட்டிலே பிட்ஸ்பர்க் நகரில், 1921ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள், இரு பல்கலைக்கழக அணிகளுக்கிடையே கால்பந்தாட்டம் ஒன்று நடைபெற்றது. அந்நாட்டார் கால்பந்து என வழங்குவது நாம் அறிந்த ஆட்டம் அன்று. நீள்வட்ட வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. கே.டி.கே.ஏ. என்னும் நிலையத்தின் வாயிலாக அதனை நேயர்களுக்கு எடுத்துரைத்தவர் ஹெரால்டு ஆர்லின் என்பவர். அவர் மின்பொறித் தொழிலகம் ஒன்றில் பணியாற்றியவர். கல்லூரிக் கால்பந்தாட்டம் வானொலியில் ஒலித்தது அதுவே முதன்முறை. பிட்ஸ்பர்க் அணி வெற்றிக்கோட்டைக் கடந்தபோது, உவகை மிகுதியால் அவர் உரக்கக் கூவவே, அவ்வோசையைத் தாங்காமல் ஒலிபரப்பே அறுந்துபோயிற்று என்று கூறுவர். உணர்ச்சி வருணனைக்கு உயிர். அதுவே அளவு கடந்தால் கேட்போர் செவிக்கு ஒன்றும் எட்டாது.

இங்கிலாந்து நாட்டில் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டெடி வேக்லம் என்பார் ரக்பி ஆட்டம் ஒன்றினை முதன்முதலாக வருணித்தார். கண்ணுக்குத் தெரியாத எண்ணற்றோரிடம் பேசுதல் எங்ஙனம் என்னும் மலைப்பு அவருக்கு நேராவண்ணம், வானொலியார் ஓர் உபாயம் செய்தனர். பார்வையற்ற ஒருவரை அவருக்கருகே அமர்த்தி, “இவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள்; அது போதும்” என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினர். அடுத்த கிழமை ஆர்சனல், செஃபீல்டு யுனைடெட் ஆகிய அணிகள் மோதிய கால்பந்தாட்டமும் ஒலிபரப்பாயிற்று. களத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பகுத்துக் காட்டிய படம் வானொலி இதழில் வெளியிடப்பெற்றது. பந்து எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை மற்றொருவர் இடையிடையே கூறிவந்தார். கேட்போர் படத்தை முன்வைத்துக்கொண்டு, தம் வீட்டிலிருந்தவாறே பந்தைப் பின்தொடர்ந்தனர். மாணவர்களே, இதனைக் கருதிப் பாருங்கள்! வருணனையாளரின் முன் எந்நாளும் கண்ணிலார் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வானொலியைக் கேட்போர் அனைவரும் அந்நேரத்தில் கண்ணிலாரே அல்லரோ?

நம் நாட்டில் 1930களில் பம்பாய் நகரில் ஏ. எஃப். எஸ். தல்யார்கான் கிரிக்கெட்டு வருணனையாற் பெரும்புகழ் எய்தினார். நாள் முழுதும் தாம் ஒருவரே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள இசையார். ஆங்கிலத்தில் நிகழ்ந்துவந்த இவ்வருணனை பிற்காலத்தே தமிழுக்கும் வந்தது. சிறுவர் நிகழ்ச்சிகளால் ‘வானொலி அண்ணா’ எனப் பெயர்பெற்ற கூத்தபிரான், இலங்கை வானொலியிற் பயின்று வளர்ந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலியோர் கிரிக்கெட்டு ஆட்டத்தைச் செந்தமிழிற் சொல்லிக் காட்டினர். ஓட்டம், மட்டை, பந்துவீச்சு, களத்தடுப்பு என்னும் சொற்கள் ஆங்கிலம் அறியாதார் நாவிலும் பழகியதற்கு இத்தகையோர் ஆற்றிய தொண்டும் ஒரு காரணம். அப்துல் ஜப்பார் 2020ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவர்தம் குரலை மட்டுமே அறிந்த பலரும் உற்றார் ஒருவரை இழந்தாற்போல வருந்தினர்.

இனி, இத்தொழிலாற் பிழைப்போரின் வாழ்க்கையைக் காண்போம். இவருட் பலர் எந்த நிலையத்திலும் திங்கள் ஊதியம் பெறுபவர் அல்லர். சுயேச்சையாகத் தொழில் செய்பவர். குரல்தேர்விற் தேறிப் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றபின், ஆட்டந்தோறும் ஒப்பந்தம் பெற்றுச் சென்று பேசி, அதற்குரிய தொகையைப் பெறுவர். ஆட்டம் உண்டாயின் வருவாய் உண்டு. மழை மிகுந்து போட்டிகள் குறைந்தாலோ, தொண்டை கட்டிக்கொண்டாலோ, கை வறிதே. ஆதலின் ஆசிரியப்பணி, வாணிகம், அலுவலகப்பணி என வேறொரு தொழிலையும் உடன்கொண்டு வாழ்வோர் பலர். உழவர்க்கு மேழி எத்தகையதோ, இவர்க்குக் குரல் அத்தகையது. குளிர்நீரையும் கூச்சலையும் தவிர்த்து அதனைப் பேணுவர்.

இவரது உழைப்பு ஆட்டத்துக்கு நெடுநேரம் முன்னரே தொடங்கிவிடும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பெயர், எண், ஊர், முன்னைய ஆட்டச் செய்தி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். பெயரைப் பிழையின்றி ஒலிக்கக் கற்றல் வேண்டும். தம் மகன் பெயரைச் சிதைத்துச் சொல்லக் கேட்கும் தாயின் வருத்தத்தை அவர் உணர்தல் வேண்டும். ஆட்டம் நடக்குங்கால் நிலவரத்தை அடிக்கடி கூறவும் மறத்தலாகாது. இடையில் வந்து கேட்போர்க்கு முதலில் வேண்டுவது அதுவே. அமெரிக்க வருணனையாளர் ரெட் பார்பர் இதன்பொருட்டு மூன்று நிமிட மணற்கடிகை ஒன்றைத் தம் முன்னே வைத்திருந்தார். மணல் வடிந்து தீருந்தோறும் ஆட்ட நிலவரத்தைக் கூறிவிட்டு, அதனைத் திருப்பி வைப்பார்.

இக்கலையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அமராவதி ஆற்றின் வளத்தாற் செழித்த மடத்துக்குளம் வட்டாரம் உள்ளிட்ட கொங்கு நாட்டு ஊர்களில், இரவில் மின்விளக்கின் ஒளியில் கபடிப் போட்டிகள் நடைபெறுதல் உண்டு. களத்தின் ஓரத்தே ஒலிபெருக்கியின் முன் ஒருவர் அமர்ந்திருப்பார். எழுவர் நிற்கும் எதிரணிக்குள் ஒருவன் பாடிக்கொண்டு நுழைந்ததும் அவர் குரல் எழும். முப்பது நொடிக்குள் அவன் தொட்டானா, பிடிபட்டானா, கோட்டைக் கடந்து மீண்டானா என்பதைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவரும் அறியுமாறு உரைப்பார். இவரும் போட்டிதோறும் அழைக்கப்பெற்றுப் பொருள் பெறுபவரே.

இவ்விடத்தேதான் இத்தொழிலின் பெருஞ்சோதனை உள்ளது. போட்டி நடத்துவோர் உள்ளூரார். அடுத்த ஆண்டும் அழைக்க வேண்டியவர் அவரே. அவர்தம் அணி தோற்கும்போது வெளியூரானின் திறமையை வாய்விட்டுப் புகழ்ந்தால், மறுமுறை அழைப்பு வாராது போகலாம். நிலையான ஊதியம் உடையார்க்கு உண்மை கூறல் எளிது. அடுத்த வேளைக்குப் பிறர் அழைப்பையே நோக்கியிருப்பார்க்கு அஃது அரிது. எனினும், நல்ல வருணனையாளர் பிடிபட்டவனைத் தப்பினான் என்று கூறார். நடுவரின் தீர்ப்பைத் திரித்து உரையார். தோற்ற இளைஞனை எள்ளி நகையாடார். அழைத்தவரிடம் அவர் பெறுவது பொருள். கேட்பவரிடம் பெறுவதோ நம்பிக்கை. நம்பிக்கையை இழந்த குரல் எத்துணை இனிதாயினும் பயனின்று.

உண்மையின் நுட்பம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று காண்போம். சென்னைச் சேப்பாக்கத்தில் 1986ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஐந்துநாள் ஆட்டம் முடிவெய்தியது. இந்தியா வெற்றிபெற 348 ஓட்டங்கள் வேண்டும். ஓட்ட எண்ணிக்கை 347 ஆனபோது, ஆட்டத்தின் ஈற்றயற் பந்தில் கடைசி மட்டையாளர் மணிந்தர் சிங் ஆட்டமிழந்தார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமநிலை. ஓர் ஓட்டத்தை மாற்றிச் சொல்லியிருப்பினும் கேட்போர்க்கு முடிவே மாறிப்போயிருக்கும்.

திருப்பூர்ப் பகுதியில் பனியன் தைப்போரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கண்ணும் கையும் ஊசியின் வழியே செல்லும் துணியில் பதிந்திருக்கும். செவி ஒன்றே ஓய்ந்திருக்கும். கண் எடுத்தால் தையல் கோணும். அத்தகையோர்க்கு ஆட்டத்தைக் காட்டுவது வானொலிக் குரலே.

இன்று தொலைக்காட்சி ஆட்டத்தை நேரே காட்டுகின்றது. தமிழிலேயே வருணனை வழங்கும் விளையாட்டு அலைவரிசையும் 2017ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் வயலிலும் வண்டியிலும் தொழிற்கூடத்திலும் இருப்போர்க்கும், கண்ணொளி இழந்தோர்க்கும் சொல்லே இன்றும் கண். மாணவர்களே! உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா நிகழும்போது, நோயுற்று வீட்டிலிருக்கும் தோழனுக்கு அதனை எடுத்துரைத்துப் பாருங்கள். கண்டதை மட்டும் கூறுங்கள், தெளிவாகக் கூறுங்கள், உங்கள் வகுப்பு தோற்றிருப்பினும் மறையாது கூறுங்கள். அவன் அதனைத் தானே கண்டாற்போல் மகிழ்வானாயின், உங்கள் சொல் அவனுக்குக் கண்ணாயிற்று என்று கொள்ளுங்கள்.