இயந்திரங்களில் அமுக்கக் கசிவு: மோட்டார் காரிலும் ராக்கெட்டிலும்

எந்த இயந்திரமும் செவ்வனே இயங்க வேண்டுமாயின், அதற்கு வேண்டிய காற்றும் எரிபொருளும் உரிய அளவிலும் உரிய அமுக்கத்திலும் வந்து சேர வேண்டும். அவை வரும் வழியில் மயிரிழையளவு இடுக்கு ஏற்பட்டாலும் உள்ளிருக்கும் அமுக்கம் அதன் வழியே வெளியேறத் தொடங்குகிறது. இதனையே அமுக்கக் கசிவு என்கிறோம். சாலையில் ஓடும் காரில் இக்குறை நேர்ந்தால் வண்டியின் இழுவை குறைகிறது. விண்ணில் செல்லும் ராக்கெட்டில் நேர்ந்தாலோ பல ஆண்டுகளின் உழைப்பு சில நிமிடங்களில் வீணாகிறது. அளவில் வேறுபட்டாலும் இரண்டின் தத்துவமும் ஒன்றே. முதலில் காரினையும், பின்னர் திருவனந்தபுரத்தில் உருவான ராக்கெட் இயந்திரத்தினையும் எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

டர்போ செய்யும் வேலை

சாதாரண இயந்திரம் தன் பிஸ்டன்களின் அசைவினால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, காற்று மண்டலத்தின் அமுக்கத்திற்கு, அதாவது ஏறத்தாழ 1 பாருக்கு, மேற்பட்ட அமுக்கத்தில் காற்று அதனுள் புகுவதில்லை. டர்போ பொருத்திய இயந்திரத்தில் வெளியேறும் புகை ஒரு சிறு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி என்பார் 1905-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அமுக்கப்பட்ட காற்று உஷ்ணமடைகிறது. உஷ்ணமடைந்த காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலால், அது இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானின் வழியே செலுத்தப்பட்ட பின்னரே இயந்திரத்தை அடைகிறது. கம்ப்ரஸரிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இயந்திரத்திற்கும் செல்லும் பாதையில் ரப்பர்க் குழாய்களும், அவற்றை இறுக்கும் கிளிப்புகளும், வால்வுகளும் உள்ளன. கசிவு ஏற்படும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

கசிவின் அறிகுறிகள்

பல பெட்ரோல் கார்களில் உட்புகும் காற்றின் அளவைக் கணிக்கும் கருவி கம்ப்ரஸருக்கு முன்னே அமைந்துள்ளது. அக்கருவி காட்டும் அளவுக்கு ஏற்ப எரிபொருள் விடப்படுகிறது. கணிக்கப்பட்ட காற்றில் ஒரு பகுதி பின்னர் வழியில் கசிந்துவிட்டால் எரிபொருள் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் போகின்றன. டீசல் வண்டியில் இதே குறை கரும்புகையாக வெளிப்படுகிறது. இழுவை குறைதலும், வேகம் கூட்டும்போது சீறல் ஒலி கேட்டலும், குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்ப் பிசுக்குப் படிதலும் ஏனைய அறிகுறிகளாகும்.

இவற்றைவிடக் கேடான விளைவு ஒன்று உண்டு. இழந்த அமுக்கத்தை ஈடு செய்ய டர்போ வழக்கத்தைவிட மிகுந்த வேகத்தில் சுழல நேரிடுகிறது. அதனால் உஷ்ணம் கூடி, தாங்கிகள் விரைவில் தேய்கின்றன. சில ரூபாய் பெறும் கிளிப்பைக் கவனியாது விட்டமையால் டர்போவையே மாற்ற வேண்டிய நிலை உண்டாகலாம்.

கண்டறியும் முறை

முதலாவதாக, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, குழாய்களையும் பொருத்துகளையும் கண்ணால் பார்த்தும் கையால் வளைத்தும் சோதிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, வளைக்கும்போது வாய் திறந்து காணப்படும்.

இரண்டாவதாக, அமுக்கச் சோதனை செய்ய வேண்டும். கம்ப்ரஸரின் காற்று வாயிலைப் பொருத்தமான மூடியால் அடைத்து, அம்மூடியிலுள்ள சிறு வால்வின் வழியே அமுக்கக் காற்றைச் செலுத்த வேண்டும். அமுக்கமானியும், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் இதற்கு இன்றியமையாதவை. 0.3 பாரில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். வண்டி வழக்கமாகப் பெறும் அமுக்கத்தைத் தாண்டுதல் கூடாது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மீது 1 பார் அமுக்கம் ஏறத்தாழ 29 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். சரியாக இறுக்கப்படாத மூடி குண்டுபோல் பாயும் என்பதை நினைவிற் கொண்டு, அதன் நேர் எதிரே நில்லாதிருத்தல் நலம்.

மூன்றாவதாக, ஒலி வரும் திசையைக் காதால் அறிந்து, அவ்விடத்தில் சோப்பு நீரைத் தடவ வேண்டும். குமிழி எழும் இடமே கசியும் இடம். திறந்துள்ள வால்வுகளின் வழியே புகைக்குழாய்க்கும், பிஸ்டன் வளையங்களின் வழியே எண்ணெய் அறைக்கும் காற்றுச் சிறிது செல்வது இயல்பே. அதனைக் கசிவென்று மயங்குதல் கூடாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைப்பின் அறையில் அமுக்கம் சேராது.

அமுக்கமானியின் முள் இறங்குவதெல்லாம் கசிவன்று என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். முற்றிலும் அடைபட்ட ஒரு கலத்தில் 40 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் 2 பார் தனி அமுக்கமுள்ள காற்று இருப்பதாகக் கொள்வோம். அது 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அமுக்கம் 1.94 பாராகக் குறையும். ஒரு துளியும் கசியவில்லை, உஷ்ணநிலைதான் மாறிற்று. ஆகவே, உஷ்ணநிலை ஒரு நிலைக்கு வந்த பின்னரே அளவு எடுக்க வேண்டும்.

திருத்தும் முறை

வெடித்த ரப்பர்க் குழாயை நாடாச் சுற்றி ஒட்டுதல் நிலையான திருத்தமாகாது. புதுக்குழாயே பொருத்த வேண்டும். பொருத்தும் முன்னர் இருபுறத்து எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தெடுத்தல் வேண்டும். இல்லையேல் அமுக்கம் ஏறியதும் குழாய் வழுக்கிக் கழன்றுவிடும். கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் அதுவே ரப்பரை அறுத்துவிடும். திருத்தம் முடிந்ததும் அமுக்கச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். ஒரு பெரிய கசிவு அடைபட்ட பின்னரே அதனால் மறைந்திருந்த சிறு கசிவு புலப்படுவதுண்டு.

வலியமலையும் குளிர்நிலை இயந்திரமும்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அந்நகரை அடுத்த வலியமலையில் அமைந்துள்ள திரவ உந்து அமைப்பு மையம், ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் கட்டங்களை உருவாக்கி வருகிறது. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேற்கட்டத்தில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் எரிகின்றன. ஹைட்ரஜன் திரவமாக இருப்பதற்கு ஏறத்தாழ மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும்.

இக்கட்டத்தின் ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்பு அமைந்துள்ளது. அது ஹைட்ரஜனை முதலில் ஓரளவு அமுக்கி, இயந்திரத்தின் பிரதான டர்போ பம்புக்கு அனுப்புகிறது. காரின் டர்போ காற்றுக்குச் செய்வதை இது திரவத்துக்குச் செய்கிறது எனலாம். ஆனால், எந்தப் பம்புக்கும் அதன் வாயிலில் போதிய அமுக்கம் இருத்தல் வேண்டும். கொதிநிலையை ஒட்டியுள்ள திரவத்தில் அமுக்கம் குறைந்தால் அது ஆவியாகிக் குமிழியிடும். குமிழி கலந்த திரவத்தைப் பம்பு சரிவரத் தள்ள இயலாது. எனவே, தொட்டியின் அமுக்கமே இங்கு ஆதாரம்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அதிகாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எஃப் 10 ராக்கெட், இ.ஓ.எஸ்.-03 என்னும் புவி நோக்குச் செயற்கைக் கோளுடன் புறப்பட்டது. முதலிரு கட்டங்களும் குறையின்றி இயங்கின. ஏறத்தாழ 5 நிமிடங்களுக்குப் பின் எரிய வேண்டிய குளிர்நிலைக் கட்டம் இயங்கவில்லை. செயற்கைக் கோள் இழக்கப்பட்டது. ஆராய்ந்த குழுவின் முடிவு 2022 மார்ச்சில் வெளியிடப்பட்டது. இயந்திரம் தொடங்கும் வேளையில் ஹைட்ரஜன் தொட்டியின் அமுக்கம் தேவையைவிடக் குறைந்திருந்தது. அதனால் பூஸ்டர் பம்பு முறைதவறி இயங்கிற்று. இயந்திரத்திற்குப் போதிய ஹைட்ரஜன் செல்லவில்லை. மிகுதியான அமுக்கத்தை வெளிவிடுவதற்கென அமைந்த வால்வு ஒன்றில் ஏற்பட்ட கசிவே இதற்குப் பெரிதும் சாத்தியமான காரணம் எனக் குழு கருதியது. அவ்வால்வின் மென்மையான சீல் பழுதுற்றிருக்கலாம் எனவும் அது தெரிவித்தது. தொட்டியைக் காப்பதற்கென வைத்த வால்வே அதன் அமுக்கத்தை இழக்கச் செய்தது என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் நடைபெற்றது. ஜி.எஸ்.எல்.வி.-டி 5 புறப்படுவதற்கு 74 நிமிடங்களுக்கு முன்னர், அமுக்கம் ஏற்றும்போது, இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் கசிவது தெரிய வந்தது. ஏவுதல் உடனே நிறுத்தப்பட்டது. பழைய தொட்டியின் அலுமினியக் கலப்பு உலோகம் நாளடைவில் வெடிப்புக் காணும் இயல்புடையது எனக் கண்டு, வேறு கலப்பு உலோகத்தாலான தொட்டி பொருத்தப்பட்டது. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அதே ராக்கெட் வெற்றியுடன் சென்றது. நம் நாட்டில் செய்யப்பட்ட குளிர்நிலை இயந்திரம் முதன்முதலாக விண்ணில் வெற்றி கண்டதும் அன்றேயாம். தரையில் கண்ட கசிவினால் இழந்தது நாலரை மாதம்; வானில் நேர்ந்த கசிவினால் இழந்தது செயற்கைக் கோள்.

ராக்கெட்டுக்குச் சோப்பு நீர் மட்டும் போதாது. ஹீலியம் வாயுவை உட்செலுத்தி, வெளிவரும் அணுக்களை நுண்கருவியால் கணிக்கும் முறை கையாளப்படுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கே ஹீலியம் இருப்பதால், கசிந்து வரும் ஹீலியம் எளிதில் அடையாளம் காணப்படுகிறது. ஆயினும், சாதாரண உஷ்ணநிலையில் கசியாத சீல் கடுங்குளிரில் சுருங்கிக் கசியலாம். ஆகவே, கருவி எந்நிலையில் இயங்குமோ அந்நிலையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும்.

எஃப் 10 நிகழ்ச்சிக்குப் பின், புறப்படும் முன்னரே முக்கிய அளவுகளைத் தானாகக் கண்காணித்தல், வால்வினை வலுப்படுத்தல், தொட்டியின் அமுக்கத்தைத் தேவைக்கேற்ப ஏற்றும் ஏற்பாடு ஆகியவற்றைக் குழு பரிந்துரைத்தது. 2023-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் ஜி.எஸ்.எல்.வி.-எஃப் 12 தன் செயற்கைக் கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

அமுக்கத்தை அளத்தல், இடத்தைக் கண்டறிதல், காரணத்தை நீக்குதல், மீண்டும் சோதித்தல் என்னும் நான்கும் பட்டறைக்கும் ராக்கெட் தளத்துக்கும் பொதுவானவை. இவற்றுள் ஒன்றை விட்டுவிடினும் ஏனைய மூன்றும் பயன்படா.

பயிற்சி வினாக்கள்

1. கணிக்கப்பட்ட காற்று கசிந்தால் பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருள் மிகுவது ஏன்?

2. அடைபட்ட கலத்தில் 50 டிகிரி உஷ்ணநிலையில் 2 பார் தனி அமுக்கம் உள்ளது. 30 டிகிரிக்குக் குளிர்ந்த பின் அமுக்கமானி எவ்வளவு காட்டினால் கசிவில்லை எனக் கொள்ளலாம்?

3. தொட்டியின் அமுக்கம் குறைந்தால் திரவ ஹைட்ரஜன் பம்பு பழுதுற்று இயங்குவது எதனால்?