பெயர் வாங்கிக் கடை வைப்போர் கவனத்திற்கு

தோளில் காவடி கட்டிச் சோறு விற்ற காலத்தில் கடைப் பெயரை யாரும் விலை பேசியதில்லை. நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கண்டார் தடியிலிருந்து வந்ததுதான். இன்றோ போர்டில் உள்ள பெயரே பெரிய முதல். "பெயரை நான் தருகிறேன், என் முறைப்படி சமையல் செய், மசாலா என்னிடம் எடு, மாதம் இவ்வளவு கொடு" என்று மாமனும் மருமகனும் வாய்ப்பேச்சில் முடித்து, பட்டர்வொர்த்திலோ சுங்கைப் பட்டாணியிலோ கடையைத் திறந்துவிடுகிறார்கள்.

இதைத்தான் சட்டம் பிரான்சைஸ் என்கிறது. லைசென்ஸ், ஏஜென்சி என்று வேறு பெயர் எழுதிக்கொண்டாலும், பெயரும் முறையும் கண்காணிப்பும் கட்டணமும் சேர்ந்து இருந்தால் அது பிரான்சைஸாகவே கருதப்படலாம். இதற்கான 1998-ஆம் வருஷத்துச் சட்டம் 1999 அக்டோபர் 8 முதல் அமலில் உள்ளது. பிறகு 2012-லும் 2020-லும் திருத்தப்பட்டது.

பெயரைத் தருகிறவர் முதலில் உள்நாட்டு வாணிப அமைச்சிலுள்ள பிரான்சைஸ் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் நடத்தும் கம்பெனிக்கு 250,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உள்நாட்டுப் பெயரை வாங்குகிறவரும் கையொப்பமிட்ட 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் நம்மவரில் பலருக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்த நகலும் வியாபார விவரப் பத்திரங்களும் கையொப்பத்துக்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தப் பத்து நாளில் லாயரைப் பாருங்கள். விற்பவருடைய லாயரே நமக்கும் பார்த்துக்கொள்வார், செலவு மிச்சம் என்று இருந்துவிடாதீர்கள். அவர் யாரிடம் கூலி வாங்குகிறாரோ அவருக்காகத்தான் பேசுவார். அது அவர் மேல் குற்றமும் அல்ல.

லாயரிடம் முதலில் கேட்க வேண்டியது 27-வது பிரிவைப் பற்றி. ஒப்பந்தம் நடக்கும் காலத்திலும், அது முடிந்தோ முறிந்தோ போனபின் 2 வருஷமும், அதே மாதிரி வியாபாரம் செய்வதில்லை என்று வாங்குகிறவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். இந்தத் தடை டைரக்டர்களையும், அவர்களுடைய மனைவி அல்லது கணவரையும், நெருங்கிய குடும்பத்தாரையும், வேலையாட்களையும் சேர்த்தே கட்டும். வாப்பாவும் அண்ணன் தம்பியும் கறி ஆக்கியே பிழைக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்! மனஸ்தாபம் வந்து விலகினால், தெரிந்த ஒரே தொழிலை இரண்டு வருஷம் தொட முடியாமல் போகலாம். "தொழிலைத் தடுக்கும் ஷரத்து செல்லாது" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவை நினைத்துச் சொல்வது அது. இங்கே தடுப்பது வெறும் ஷரத்து அல்ல, சட்டமே. ஆகவே தம்பி பெயரில் ஏற்கெனவே கடை இருந்தால், அதைக் கையொப்பத்துக்கு முன்பே சொல்லி, வழி உண்டா என்று கேளுங்கள்.

வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. கையொப்பமிட்டபின் குறைந்தது 7 வேலை நாட்கள் மனம் மாறி விலக அவகாசம் உண்டு. நியாயமான செலவு போக ஆரம்பக் கட்டணம் திரும்ப வரும். ஒப்பந்த காலம் 5 வருஷத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் நல்ல காரணமின்றி உங்களை நீக்க முடியாது. ஷரத்தை மீறினீர்கள் என்றால், சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும்.

சொந்தக்காரரிடம் பத்திரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுகிறவர்கள், லாயர் கேட்கச் சொன்னார் என்று சொல்லிவிடலாம்.